டீச்சர் ஓட்டினா மட்டும் எரியுற ஏர்பேக் லைட்

போன ஆனி மாசக் கடைசியில ஒரு வண்டி வந்துச்சு. அந்த வேலையை முழுசா எழுதி வைக்கணும்னு அன்னைக்கே நினைச்சேன், இப்பதான் நேரம் கிடைச்சுது. கடலூர் செம்மண்டலத்துல ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன். இந்த ஒரு வண்டியில நானே ஒரு தடவை தப்பா முடிச்சு அனுப்பி, திரும்ப வந்து, அப்புறம்தான் சரியா புடிச்சேன், அந்தத் தப்பையும் சேர்த்தே எழுதுறேன்.

வண்டி ஒரு டீச்சரோடது. வீடு புதுச்சேரியில ரெயின்போ நகர் பக்கம், வேலை கடலூர்ல ஒரு ஸ்கூல்ல. தினமும் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடைன்னு வந்து பெண்ணையாத்துப் பாலம் தாண்டி உள்ள வருவாங்க, சாயங்காலம் அதே ரோட்டுல திரும்புவாங்க. முதல் நாள் அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தாங்க. பிரச்சனை என்னன்னு கேட்டா ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்க.

"அண்ணே, ஸ்டியரிங்குக்கு முன்னாடி மீட்டர்ல இருக்குற ஆளு படம் போட்ட சிவப்பு லைட்டு எரியுது, வாரத்துல நாலு நாளு எரியுது"ன்னு டீச்சர் சொல்ல, சார் குறுக்க வந்து "தம்பி, ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டுறேன், திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒரு தடவைகூட எரியலை, இவங்க எதையாவது அழுத்திடுறாங்க போல"ன்னாரு. டீச்சர் சொன்னது ஏர்பேக்குல கோளாறுன்னு காட்டுற லைட்டு. சார் சொன்னதுக்கு அவங்க ஒண்ணும் பதில் சொல்லலை. ஆனா அவங்க முகத்துல தெரிஞ்சுது, இதை வீட்டுல பல தடவை கேட்டுட்டாங்கன்னு. ஏற்கனவே ரெண்டு இடத்துல காட்டியிருக்காங்க. ஒரு இடத்துல டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்குற சென்சாரையே புதுசா மாத்தியிருக்காங்க, பத்து நாள் நல்லா இருந்து திரும்ப எரிஞ்சிருக்கு. இன்னொரு இடத்துல ஏர்பேக் மாட்யூலே (வண்டி இடிச்சா பையை விரிக்கச் சொல்ற கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு, 38,000 ரூபாய் ஆகும்னு சொல்லியிருக்காங்க. அந்தக் காசைக் கட்டுறதுக்கு முன்னாடி யாரோ சொல்லி என்கிட்ட வந்தாங்க.

சார் சொன்னதும் டீச்சர் சொன்னதும் ரெண்டுமே உண்மை. அன்னைக்கே அதை நான் சரியா காதுல வாங்கியிருந்தா பாதி வேலை மிச்சம். சார் நல்ல உயரம், ஆறடிக்குப் பக்கம், சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி உக்காருவாரு. டீச்சர் அஞ்சடிக்கும் கொஞ்சம் கம்மி, கிளட்ச் எட்டணும்னா சீட்டை முழுசா முன்னாடி இழுத்தாகணும். அவங்க ஓட்டும்போது மட்டும் லைட்டு எரியுதுன்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல மாறுற ஒரே விஷயம் சீட்டு இருக்குற இடம்தான்.

வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டதும் வந்த ஃபால்ட் கோடும் (கோளாறு நம்பர்) அதையே சொல்லுச்சு. டிரைவர் சீட் பொசிஷன் சென்சார் சர்க்யூட் கோளாறு, அது ஒண்ணுதான், வேற கோடு எதுவும் இல்லை.

இந்த சென்சார் எல்லா வண்டியிலயும் இருக்காது. நம்ம நாட்டுல 2019 ஜூலை 1-ல இருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனதால இப்ப ஏர்பேக் லைட்டு இல்லாத புது காரே கிடையாது, ஆனா சீட்டு எங்க இருக்குன்னு பாக்குற சென்சார் கொஞ்சம் விலை கூடின வண்டிகள்லதான் பெரும்பாலும் வரும். அந்த வண்டிகள்ல ஏர்பேக் ரெண்டு கட்டமா வெடிக்கும். ஆள் தள்ளி உக்காந்திருந்தா முழு வேகத்துல விரியும், ஸ்டியரிங்கை ஒட்டி உக்காந்திருந்தா வேகத்தைக் குறைச்சு விரியும். பை விரியுறதுக்கு எடுத்துக்கிற நேரம் ஒரு செகண்டுல முப்பதுல ஒரு பங்கு மாதிரி, கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுடும், அந்த வேகத்துல வர்ற பை ரொம்பப் பக்கத்துல இருக்குற நெஞ்சுல, கழுத்துல பட்டா அதுவே அடி. அமெரிக்காவுல குள்ளமா இருக்குற பெண்களும் குழந்தைகளும் அப்படி ஏர்பேக் அடிச்சே செத்துப்போன கேஸ் வந்ததுக்கு அப்புறம்தான் அங்க சட்டத்தை மாத்தி, 2003 செப்டம்பர்ல இருந்து படிப்படியா இந்த மாதிரி ஆளைப் பாத்து வெடிக்கிற ஏர்பேக்கைக் கொண்டு வந்தாங்க. அதாவது இந்த சென்சார் யாருக்காக வெச்சிருக்கோ அவங்க உக்காரும்போது மட்டும்தான் இந்த வண்டியில அது வேலை செய்யலை. சாருக்கு இது இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன், இது புரியலைன்னா பின்னாடி நான் சொல்றது எதுவும் புரியாது. சீட் ரெயில்ல ஆங்கிலத்துல யு எழுத்து மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு மாட்டியிருக்கும். ஒரு கால்ல காந்தம், இன்னொரு கால்ல ஹால் ஐசி, அதாவது காந்தத்தை உணர்ற ஒரு சின்ன சிப். 1879-ல எட்வின் ஹால்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச விஷயம் அது, கரண்ட் ஓடுற தகட்டுக்குப் பக்கத்துல காந்தம் வந்தா தகட்டோட பக்கவாட்டுல சின்னதா ஒரு வோல்ட்டேஜ் உண்டாகும், அதை வெச்சுத்தான் காந்தம் இருக்கா இல்லையான்னு ஐசி கண்டுபிடிக்குது. ரெயில்ல ஒரு இரும்புத் தகடு இருக்கும். இந்த வண்டியில சீட்டு முன்னாடி வந்தா அந்தத் தகடு அந்த இடுக்குக்குள்ள புகுந்து காந்தத்தை மறைச்சுடும். தேய்மானமே கிடையாது, அதனால சென்சார் சும்மா கெடாது.

இதுல வயர் ரெண்டே ரெண்டுதான். தனியா சிக்னல் வயர் கிடையாது. அப்ப எப்படி மாட்யூலுக்கு விஷயம் போகுதுன்னா, சென்சார் குடிக்கிற கரண்ட்டே சிக்னல். ஒரு நிலையில 5, 6 மில்லிஆம்ப் இழுக்கும், இன்னொரு நிலையில 12-ல இருந்து 17 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும், இந்த வகை சென்சார்ல பொதுவான கணக்கு அதுதான். மாட்யூல் வோல்ட்டேஜைக் குடுத்துட்டு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாக்கும். கம்மியா போனா பின்னாடி, அதிகமா போனா முன்னாடி, ரெண்டுலயும் சேராம வேற எதுவோ வந்தா வயர் அறுந்திருக்கு இல்ல ஷார்ட் ஆகியிருக்குன்னு முடிவு பண்ணி லைட்டைப் போட்டுடும். வண்டிக்கு வண்டி எது கம்மி எது அதிகம்னு மாறும், இந்த வண்டியில முன்னாடிதான் அதிகம்.

இதுல இருந்து ஒரு விஷயம் உடனே தெரியணும், தடையை அளக்குற ஓம்ஸ் மீட்டரை வெச்சு இந்த சென்சாரை செக் பண்ண முடியாது. அது சுருள் கம்பி இல்லை, ஐசி. மீட்டர்ல என்ன நம்பர் வந்தாலும் அதுக்கு அர்த்தம் கிடையாது. ஆனா நிறைய பேர் அப்படித்தான் பாத்துட்டு சென்சார் போச்சுன்னு சொல்லிடுறாங்க.

முதல் நாள் நான் பண்ணது இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு 10 நிமிஷம் விட்டேன், மாட்யூலுக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்ட் இறங்கணும். கம்பெனி மேனுவல்ல வண்டிக்குத் தகுந்த மாதிரி ஒண்ணரை நிமிஷம், மூணு நிமிஷம்னு போட்டிருப்பாங்க, நான் எதுக்கும் கூடவே விடுவேன், சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்குற வண்டி இது. சீட்டைச் சாய்ச்சுப் பாத்தா அடியில மஞ்சள் கப்ளர் (வயருங்களைச் சேர்க்குற பிளக்) ஒண்ணு, அது சைடு ஏர்பேக், அதைத் தொடலை. பக்கத்துல கறுப்பா சின்ன கப்ளர், பொசிஷன் சென்சாரும் பெல்ட் பக்கிளும் அதுல வருது. அதைக் கழட்டினேன். ஒரு பின் ஓரத்துல லேசா களிம்பு. ஆஹா இதான்னு காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, துடைச்சு, நாலஞ்சு தடவை மாட்டிக் கழட்டி, ஸ்கேனர்ல ஃபால்ட் கோடை அழிச்சேன். சீட்டை முன்னாடி தள்ளி வெச்சு சாவி போட்டா ஆறு செகண்டுல லைட்டு அணைஞ்சுது. அரை மணி நேரம் தேவனாம்பட்டினம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், வரலை. குடுத்து அனுப்பிட்டேன்.

ஒன்பதாவது நாள் டீச்சர் போன் பண்ணாங்க. "அண்ணே, காலையில கிருமாம்பாக்கம் தாண்டும்போது திரும்ப வந்துடுச்சு." குரல்ல கோபம் இல்லை, சலிப்பு இருந்துச்சு. எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் வண்டியை விட்டுட்டுப் போங்க டீச்சர், இந்தத் தடவை நான் காரணத்தைப் புடிக்காம குடுக்க மாட்டேன்னு சொன்னேன். வண்டியை விட்டுட்டு பஸ்ல போனாங்க.

இங்க இன்னொரு தப்பு பண்ணேன். கப்ளரைத்தான் ஏற்கனவே சுத்தம் பண்ணிட்டோமேன்னு அதை மனசுல இருந்து தள்ளிட்டேன். சீட்டு நகர்ந்தா லைட்டு வருது, அப்ப நகரும்போது வயர் இழுபடுது, உள்ள எங்கயோ செம்பு அறுந்து தோல் மட்டும் இருக்குன்னு நானா முடிவு பண்ணேன். நியாயமான சந்தேகம்தான், சீட்டுக்கு அடியில வயர் அப்படி அறுந்து நானே பாத்திருக்கேன். ஸ்லீவைப் பிரிச்சு, ஒவ்வொரு விரக்கடையா வளைச்சு, ரெயில்ல உரசுற இடம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்து, ரெண்டு மணி நேரம் போச்சு. ஒரு கீறல்கூட இல்லை. கூட இருக்குற பையன் சீட்டை முன்னையும் பின்னையும் தள்ளிக்கிட்டே இருந்தான், நான் ஸ்கேனர்ல லைவ் டேட்டாவைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி இருக்கும்போது 'பின்'னுன்னு வருது, அசையாம நிக்குது. முன்னாடி தள்ளினா 'முன்'னுன்னு ஒரு நொடி வந்துட்டு அப்புறம் 'செல்லாது'ன்னு மாறுது, திரும்ப 'முன்', திரும்ப 'செல்லாது'. முன்னாடி போய் அசையாம நின்ன அப்புறமும் அது ஆடிக்கிட்டே இருந்துச்சு. அதைப் பாத்ததும்தான் உறைச்சுது. வயர் இழுபட்டு அறுந்திருந்தா நகரும்போது ஆடணும், நின்ன அப்புறம் இப்படி ஆடக்கூடாது.

அப்பதான் அந்த யோசனை வந்துச்சு. சீட்டை நகர்த்தாமலே சென்சாரை ஏமாத்திப் பாத்தா என்னன்னு. சீட்டை முழுசா பின்னாடி, சார் உக்காருற இடத்துல வெச்சோம். வயர் எதுவும் இழுபடலை, எல்லாம் தளர்வா இருக்கு. இடுக்கு அளக்குற ஃபீலர் கேஜ்ல இருந்து ஒரு இரும்புத் தகட்டை எடுத்து சென்சார் இடுக்குல சொருகினேன். சென்சாரைப் பொறுத்தவரைக்கும் சீட்டு முன்னாடி வந்துடுச்சு, ஆனா வண்டியில ஒரு வயர்கூட அசையலை. ஸ்கேனர்ல 'முன்', 'செல்லாது', 'முன்', 'செல்லாது'. மீட்டர்ல லைட்டு வந்துடுச்சு.

அந்த ஒரு தகடுதான் ரெண்டு மணி நேரத்துல நான் கண்டுபிடிக்காததை ரெண்டு நிமிஷத்துல சொல்லுச்சு. சீட்டு நகர்றதுக்கும் கோளாறுக்கும் சம்பந்தம் இல்லை. சென்சார் அதிக கரண்ட் இழுக்குற நிலைக்குப் போனாலே கோளாறு வருது. இது வேற ஜாதி கோளாறு. 6 மில்லிஆம்ப் ஓடும்போது தாங்குற ஏதோ ஒரு இடம் 15 மில்லிஆம்ப் ஓடும்போது தாங்கலை. எங்கயோ ஒரு தடை இருக்கு.

சென்சாரே தப்பா, இல்ல வழியில தப்பான்னு பிரிக்கணும். 9 வோல்ட் சின்ன சதுர பேட்டரி ஒண்ணு, 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு, இவ்வளவுதான் வேணும். பேட்டரியோட ஒரு முனையில ரெசிஸ்டரைத் தொடரா போட்டு சென்சாரோட ரெண்டு பின்னுக்கும் குடுத்துட்டு, ரெசிஸ்டரோட ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்ட்டேஜைப் பாத்தா கரண்ட் எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். 100 ஓம்ஸ்ல 0.6 வோல்ட் வந்தா 6 மில்லிஆம்ப், 1.5 வோல்ட் வந்தா 15 மில்லிஆம்ப். பத்தால பெருக்கினா போதும், பேப்பர்கூட வேண்டாம். ரெசிஸ்டர் இல்லாம நேரா குடுக்காதீங்க, கை தவறி ஏதாவது ஷார்ட் ஆனா காப்பாத்துறது அதுதான். வண்டி பேட்டரியைக் கழட்டி, பத்து நிமிஷம் விட்டு, சென்சார் உடம்புல இருக்குற கப்ளர்ல மட்டும் கழட்டி அங்கயே குடுத்துப் பாத்தேன். 0.6. தகட்டைச் சொருகினா 1.5. பொட்டு ஆடலை. பத்து தடவை சொருகி எடுத்தேன், பத்து தடவையும் அதே நம்பர். சென்சார் தங்கம். ஏற்கனவே மாத்தினாங்களே அந்தப் பழைய சென்சாரும் நல்லாத்தான் இருந்திருக்கும், இப்ப எங்க போய் பாக்குறது.

அடுத்தது வழி. இந்தத் தடவை சீட்டுக்கு அடியில இருக்குற கறுப்பு கப்ளரைத் தொடவே கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். ஏன்னா கப்ளரைக் கழட்டி மாட்டினாலே உள்ள பின் உரசி களிம்புல புதுசா ஒரு கீறல் விழும், கோளாறு ஓடி ஒளிஞ்சுடும், ஒன்பது நாள் கழிச்சுத்தான் திரும்ப வரும். முன்னாடி பாத்தவங்க வயரிங் செக் பண்ணாங்களான்னு கேட்டேன், பண்ணாங்களாம், வயர் அறுபடலைன்னு மீட்டர்ல பீப் சத்தம் வந்துச்சாம். கப்ளரைக் கழட்டி வெச்சுக்கிட்டு, மாட்யூல்ல இருந்து கப்ளர் வரைக்கும் ஒரு தடவை, கப்ளர்ல இருந்து சென்சார் வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸர் வெச்சுப் பாத்திருப்பாங்க. ரெண்டும் பீப் அடிக்கும். ஆனா ரெண்டும் சேருற இடம்? அதைத்தான் கழட்டிட்டோமே. கெட்டுப்போன ஒரே இடத்தை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் செக் பண்ண மாதிரி ஆயிடுது. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதனால கப்ளரை மாட்டினபடியே விட்டுட்டு, நடு கன்சோலைக் கழட்டி ஏர்பேக் மாட்யூல்ல இருந்து வர்ற பெரிய பிளக்கை எடுத்தேன். மாட்யூலோட போல்ட்டைத் தொடலை, பிளக்கை மட்டும்தான். பிளக்கை எடுத்தா ஏர்பேக் லைன்ல எல்லாம் உள்ள இருக்குற ஷார்ட்டிங் கிளிப் தானா மூடி ரெண்டு வயரையும் சேர்த்துடும், தப்பித்தவறி பை வெடிக்காம இருக்கத்தான் அதை வெச்சிருக்காங்க. சென்சாருக்குப் போற ரெண்டு பின் எதுன்னு வயரிங் படத்துல பாத்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரி பார்த்து, அதுல என்னோட 9 வோல்ட் பேட்டரியையும் 100 ஓம்ஸையும் குடுத்தேன். இப்ப மாட்யூல் இடத்துல என் பேட்டரி உக்காந்திருக்கு, மத்தபடி வண்டி வயரிங், கப்ளர், சென்சார் எல்லாம் அது அது இருந்தபடியே இருக்கு.

பக்கத்துல ஏர்பேக் வயரும் போறதால இந்த வேலையை டெஸ்ட் லாம்ப் வெச்சு செய்யுறவங்களைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும். ஏர்பேக்கோட வெடிக்கிற முனை 2 ஓம்ஸ் மாதிரிதான் இருக்கும், தப்பான பின்னுல கரண்ட் குடுத்தா வெடிச்சுடலாம். டிஜிட்டல் மீட்டர் மட்டும்தான், அதுவும் வோல்ட் ரேஞ்சுல மட்டும்தான். மஞ்சள் கப்ளர்ல ஓம்ஸ் வைக்கவே கூடாது.

சீட்டு பின்னாடி. ரெசிஸ்டர்ல 0.6. பிளக் பக்கம் 8.4 வோல்ட். கறுப்பு கப்ளருக்குப் பின்பக்கமா மெல்லிசு ஊசி சொருகி, தரைப்பக்க வயருக்கும் (மாட்யூல்ல இருந்து வண்டித் தரை வழியா வர்றது) சீட்டுப்பக்க வயருக்கும் நடுவுல பாத்தேன், ஒரே வயர், கப்ளருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அங்க பூஜ்யம்தான் வரணும். 1.5 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு. தகட்டைச் சொருகினேன். 3.9 வோல்ட்.

கணக்குப் போட்டா 260 ஓம்ஸ். மாட்டியிருக்குற ஒரு பின்னுக்குள்ள 260 ஓம்ஸ். பின்னாடி சீட்டு இருக்கும்போது அது 1.5 வோல்ட் மாதிரி தின்னாலும் சென்சாருக்கு 6.8 வோல்ட் மிச்சம் போகுது, அது தாராளம். முன்னாடி வந்ததும் கரண்ட் ரெண்டரை மடங்கு ஆகுது, அதே பின் 3.9 தின்னுடுது, சென்சாருக்குப் போறது 3.6 வோல்ட். இந்த வகை ஐசிக்கு மூணரை வோல்ட்டுக்குக் கீழ போனா உயிர் இருக்காது. கொஞ்சம் இறங்கினதும் அது மயங்கி கரண்ட்டை விட்டுடும், விட்டதும் வோல்ட்டேஜ் ஏறும், ஏறினதும் திரும்ப முழிச்சுக்கிட்டு 15 மில்லிஆம்ப் இழுக்கும், திரும்ப மயங்கும். ஸ்கேனர்ல 'முன்', 'செல்லாது'ன்னு மாறி மாறி வந்தது அதுதான். மீட்டரை ரெசிஸ்டருக்கு மாத்திப் பாத்தேன், 1.5-க்கும் அதுக்குக் கீழயும் நம்பர் ஆடிக்கிட்டே இருந்துச்சு. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே, தண்ணி டேங்கு பைப்புல மண்ணு அடைச்சா, ஒரு குழாய் தொறந்தா வருது, ரெண்டு குழாய் தொறந்தா வர மாட்டேங்குதே, அது மாதிரியா"ன்னான். அவ்வளவுதாண்டான்னேன். நான் சொல்றதைவிட அவன் சொன்னதுதான் சரியா இருந்துச்சு.

அதுக்கு அப்புறம்தான் கப்ளரைக் கழட்டினேன். டெர்மினலைப் பூட்டுல இருந்து விடுவிச்சு வெளிய எடுத்து லென்ஸ் வெச்சுப் பாத்தா, தரைப்பக்க பெண் டெர்மினல்ல உள்ள ஒரு நாக்கு மாதிரி ஸ்பிரிங் இருக்கும், ஆண் பின்னை அழுத்திப் புடிக்கிறது அதுதான், அந்த நாக்குக்கு அடியில பச்சையா களிம்பு கட்டி, நாக்கே பாதி அரிச்சுப் போயிருந்துச்சு. வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது. முதல் தடவை நான் ஓரத்துல பாத்தது இதோட வால். பக்கத்துல இருந்த எர்த் பின் கிட்டத்தட்ட சுத்தம். அது ஏன்னா, ஈரம் இருக்குற இடத்துல பாசிட்டிவ் வர்ற பின்தான் கரையும், சாவி போட்டிருக்குற நேரம் முழுக்க அதுல வோல்ட்டேஜ் இருக்கும், முலாம் பூசுற தொட்டி மாதிரி அந்தப் பின் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு பின் மட்டும் அரிச்சிருந்தா அது எந்தப் பின்னுன்னு பாருங்க, பெரும்பாலும் பாசிட்டிவாத்தான் இருக்கும்.

ஈரம் எங்க இருந்து வந்துச்சுன்னு அடுத்தது. டீச்சர்கிட்ட போன்ல கேட்டேன், வண்டிக்குள்ள எப்பவாவது தண்ணி பூந்துச்சான்னு. இல்லவே இல்லைண்ணேன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. "ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு வாசல்ல நிறுத்தியிருந்தோம், கதவு வரைக்கும் தண்ணி நின்னுச்சு, ஆனா சீட்டு நனையலைண்ணே." 2024 நவம்பர் 30 ராத்திரி அந்தப் புயல் புதுச்சேரி பக்கத்துலதான் கரை ஏறுச்சு, ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை கொட்டி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளமா கிடந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணையில இருந்து திறந்துவிட்ட தண்ணி பெண்ணையாத்துல வந்து எங்க பக்கமும் முழுகிடுச்சு, அந்த டிசம்பர் முழுக்க எங்க கடையில நனைஞ்ச வண்டிங்கதான். இந்த வண்டி அப்ப வரலை, ஸ்டார்ட் ஆச்சு, ஓடுச்சு, அதனால யாரும் பாக்கலை.

டிரைவர் சீட்டோட நாலு போல்ட்டையும் கழட்டி சீட்டை வெளிய எடுத்து கார்ப்பெட்டைத் தூக்கினேன். மேல துணி காஞ்சு சுத்தமா இருக்கு. அடியில இருக்குற பஞ்சு இன்னும் ஈரம், ஏழு மாசம் கழிச்சு. சேறு படிஞ்ச கோடு தெளிவா தெரியுது. கையில எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டலை, ஆனா விரல் நசநசன்னு ஆயிடுச்சு. வெள்ளத்தண்ணியில இருக்குற உப்பு உள்ளயே தங்கிடுது, அப்புறம் நம்ம கடலோரக் காத்துல இருக்குற ஈரத்தை அது இழுத்துக்கிட்டே இருக்கும், மழைக்காலத்துல அடுக்களையில உப்பு ஜாடி கசியுதே அது மாதிரிதான். வெயில் காலத்துலயும் காயாது. அதனாலதான் காலையில, ஈரம் அதிகமா இருக்குற நேரத்துல டீச்சருக்கு லைட்டு வந்திருக்கு.

ரிப்பேர் பெருசா ஒண்ணும் இல்லை, பொறுமைதான். அரிச்ச டெர்மினலுக்குப் பின்னாடி வயர் தோலைச் சீவிப் பாத்தா செம்பு கறுத்திருந்துச்சு. விளக்குத்திரியில எண்ணெய் ஏறுற மாதிரி தோலுக்குள்ள தண்ணி ஏறியிருக்கு. நாலு செ.மீ. வரைக்கும் கறுப்பு, அதுக்கு மேல பளிச்சுன்னு வந்துச்சு, அங்க வரைக்கும் வெட்டி எறிஞ்சேன், நல்லவேளை வயர்ல நீளம் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் புது டெர்மினல். பழசு எந்த முலாமோ அதே முலாம் இருக்குற டெர்மினல் தேடி வாங்கினேன், அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. தங்க முலாம் பின்னோட ஈய நிறத்துல இருக்குற டின் முலாம் டெர்மினலைச் சேர்த்தா இந்த மாதிரி ஈரத்துல மறுபடியும் அதே கதைதான். சால்டர் வைக்கலை, சரியான டூல் வெச்சு அழுத்திக் கவ்வ வைக்கிற கிரிம்ப்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதையும் நான் செய்யுறதில்லை, தேய்ச்சா முலாம் போயிடும், அன்னைக்குப் பளபளன்னு இருக்கும், மூணு மாசத்துல வெறும் செம்பு அரிச்சுடும். பஞ்சை முழுசா எடுத்து நல்ல தண்ணியில அலசி மூணு நாள் மொட்டை மாடியில வெயில்ல போட்டோம். தரைத் தகரத்தைத் துடைச்சு, கப்ளரைத் தரையில கிடக்க விடாம சீட் சட்டத்துல கொஞ்சம் தூக்கிக் கட்டினேன்.

அதே 9 வோல்ட் வெச்சு திரும்பப் பாத்தேன். கப்ளர்ல வோல்ட்டேஜ் பூஜ்யம், தகடு இருந்தாலும் இல்லைன்னாலும். சீட்டை மாட்டி போல்ட்டை டார்க் ரெஞ்ச் வெச்சு சரியான அளவுக்கு இறுக்கி, எல்லா பிளக்கையும் மாட்டினதுக்கு அப்புறம்தான் பேட்டரி. கோடை அழிச்சு, சீட்டை இருபது தடவை கடைசியில இருந்து கடைசி வரைக்கும் தள்ளினோம். அப்புறம் வண்டியை ராத்திரி வெளியவே நிறுத்தி, காலையில பனி ஈரத்தோட சீட்டை முன்னாடி வெச்சுப் பாத்தேன். 'முன்'. அசையலை.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லணும். டெர்மினலுக்காகக் காத்திருந்தப்ப சார் வந்து, "தம்பி, இதுக்கு ஏதோ ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா லைட்டு வராதாமே, நூறு ரூபாயில முடியுமாமே"ன்னு கேட்டாரு. யாரோ சொல்லியிருக்காங்க. முடியும், பொய்யில்லை. சென்சார் இடத்துல 6 மில்லிஆம்ப் போற மாதிரி ஒரு ரெசிஸ்டரைப் போட்டா மாட்யூல் சந்தோஷமா லைட்டை அணைச்சுடும். ஆனா அந்த 6 மில்லிஆம்ப்புக்கு அர்த்தம் என்ன, சீட்டு பின்னாடி இருக்குன்னு. டீச்சர் ஸ்டியரிங்கை ஒட்டி உக்காந்திருக்கும்போது மாட்யூல்கிட்ட ஆறடி ஆளு தள்ளி உக்காந்திருக்காருன்னு பொய் சொல்றோம். இடிச்சா பை முழு வேகத்துல வரும். லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தா அதுல ஏதோ கோளாறுன்னாவது தெரியும், இதுல அதுவும் தெரியாது. இதை அப்படியே சார்கிட்ட சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல, சரியாவே பண்ணுங்க தம்பி"ன்னாரு. அந்த ரெசிஸ்டர் போட்ட வண்டி ஊர்ல எத்தனை ஓடுதோன்னு நினைச்சா இன்னமும் எனக்கு மனசு அடிச்சுக்குது. தயவு செஞ்சு போடாதீங்க, யார் கேட்டாலும் போட்டுக் குடுக்காதீங்க.

வண்டியைக் குடுக்கும்போது டீச்சரை சீட்டுல உக்கார வெச்சு நெஞ்செலும்புல இருந்து ஸ்டியரிங் நடு வரைக்கும் அளந்தேன். ஒரு சாண்கூட முழுசா வரலை, 21 செ.மீ. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை குறைஞ்சது 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. இருக்கணும்னு சொல்லுது. சீட்டு முதுகைக் கொஞ்சம் சாய்ச்சு, உயரத்தை ஒரு படி ஏத்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கீழ இறக்கினதுல 26 வந்துச்சு, கிளட்சும் எட்டுது. இதை ஏன் யாரும் வண்டி வாங்கும்போது சொல்லலைன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மாட்யூலை மாத்தலை, சென்சாரை மாத்தலை, டெர்மினலும் வேலைக் கூலியும்தான் ஆச்சு, முதல் தடவை வாங்கின கூலியை இதுல கழிச்சுட்டேன்.

கார்த்திகை மழை முடிஞ்சு போன மாசம் ஆயில் மாத்துறதுக்கு வந்தாங்க. சொல்லாமலே சீட்டுக்கு அடியில கை விட்டுப் பாத்தேன், பஞ்சு காஞ்சிருந்துச்சு. சார்தான் ஓட்டிட்டு வந்திருந்தாரு, இறங்கினதும் அவரே சீட்டை முழுசா முன்னாடி தள்ளிட்டு சாவியைப் போட்டுக் காட்டினாரு. சிவப்பு லைட்டு ஆறு செகண்ட் எரிஞ்சுட்டு அணைஞ்சுது.